ஐந்து கேள்வி, ஆறு பதில்

பாக்தாத்திலிருந்து பதில் வந்த சனிக்கிழமை காலையில்தான், என் பெண்டாட்டி எனக்குப் பெண்டாட்டி இல்லை என்று தீர்ப்பானது.

பெண்டாட்டி என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு வருஷமாகக் கைரவான் யூதர் தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டு பாக்தாத் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லாம் ஒரு மாதுளம்பழத்தால் வந்த வினை.

பூரீம் பண்டிகையன்று யாரும் யாரையும் கேலி செய்யலாம். அந்த வருஷம் நான் என் சாயப்பட்டறை அவுரித் தொட்டியிலிருந்து அப்படியே எழுந்து போயிருந்தேன். முழங்கை வரை நீலம். செக்குக்காரர் ஸக்காரின் மகள் துர்ஃபா வாசலில் நின்று, "ஏய் நீலக்கை! உன்னை எவ கட்டிப்பா? பொறக்கிற பிள்ளையும் நீலமாத்தான் பொறக்கும்!" என்றாள்.

என் கையில் மாதுளம்பழம் இருந்தது. அதை அவள் கையில் வைத்து, "மோசேயின் சட்டப்படி இதனால் நீ எனக்கு நிச்சயமானாய்" என்று கல்யாண வாசகத்தையே எடுத்துவிட்டேன்.

"ஆகட்டும். ஆனா பழம் இனிப்பா இருக்கணும்" என்றாள் அவள்.

தெருவே சிரித்தது. சிரித்தவர்களில் வயது வந்த, புத்தி தெளிந்த ஆண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். எங்கள் சட்டம் கேட்பது அவ்வளவுதான். ஒரு செப்புக் காசாவது பெறுகிற பொருள், ஒரு வாசகம், இரண்டு சாட்சி. பழத்தின் தோலில் என் ஐந்து நீல விரலும் பதிந்திருந்தது வேறு.

மறுநாள் ஸக்கார் என் கழுத்துப்பட்டையைப் பிடித்தார். "விளையாடினது போதும். விடுதலைச் சீட்டு எழுதிக் குடு. என் பொண்ணுக்கு வேற இடம் பாக்கணும்."

"எழுத முடியாது மாமா."

"யாருக்கு மாமா?"

முடியாததற்குக் காரணம் இருந்தது. நான் ஆசாரியர் குலம். எங்கள் குலத்து ஆண் விடுதலைச் சீட்டு வாங்கிய பெண்ணைக் கட்ட முடியாது. சீட்டு எழுதியவன் நானே ஆனாலும் முடியாது. கேலிதானே என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு ஆற அமரப் பெண் கேட்டுப் போகலாம் என்றால் ஆயுசுக்கும் நடக்காது.

கேட்டுப் போகலாம் என்று எனக்கு எப்போது தோன்றியது? அவள் "ஆகட்டும்" என்று சொல்லிப் பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டாளே, அப்போதே.

எங்கள் தெருவின் தீர்ப்புக்காரர் தய்யான் அஸர்யா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கிழக்கிலிருந்து வந்து குடியேறியவர். வெள்ளைத் தாடி, குனிந்த தலை, தப்பித்தவறிக்கூடச் சிரிக்காத முகம். அவர் இரண்டு பக்கமும் கேட்டார். தாடியை நீவினார். கையை விரித்தார்.

"என் அறிவுக்கு எட்டலை. பாக்தாத் பாடசாலைப் பெரியவங்களுக்கு எழுதிடுவோம்."

ஒட்டகம் அவ்வளவு தூரம் ஒரே ஒரு கேள்வியோடு போகலாமா? தெருவில் தேங்கிக் கிடந்ததெல்லாம் கூடச் சேர்ந்தது. முதல் கேள்வி, ஜெபக்கூடத்தில் பாடுகிற கல்லூஃபைப் பற்றி: குரல் கட்டிப்போய் ஓட்டைச் சங்கு மாதிரி ஊதுகிறார், தொடரலாமா? இரண்டாவது, ஜெபக்கூடத்துப் பெரிய எண்ணெய்ச் சாடியில் எலி விழுந்துவிட்டது, எண்ணெயை என்ன செய்வது? மூன்றாவது, நானும் துர்ஃபாவும் மாதுளம்பழமும்.

நான்காவது, அமீர். அமீர் ஒரு கிடா. தலையீற்றுக் கிடா ஆண்டவனுக்குச் சொந்தம். ஆசாரியர் குலத்தான் கையில் கொடுத்துவிட வேண்டும். அப்படி என் தலையில் கட்டப்பட்டது. அதை அறுக்கக் கூடாது, அதன் மயிரை வெட்டக் கூடாது, வேலை வாங்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. இத்தனையும் தனக்குத் தெரியும் என்பதுபோல அது நடந்துகொள்ளும். தெருவில் காயப்போட்ட துணி, கீரைக்கூடை, பாய், ஒருமுறை தய்யானின் தாடி போலிருந்த விளக்குமாறு, எல்லாம் தின்னும். இதை என்ன செய்வது?

ஐந்தாவது, பிரசங்கி சஹ்லான். வயது எழுபது. சனிக்கிழமை வாய் திறந்தால் பசி மயக்கத்தில் ஆள் விழும்வரை மூட மாட்டார். இவரை என்ன செய்வது?

ஐந்து கேள்வி. தய்யானே தன் கையால் எழுதினார். நகல் ஒன்று ஜெபக்கூடத்துப் பெட்டியில் வைத்தோம். அசலை அவரே வீட்டுக்கு எடுத்துப்போய், இரண்டு நாள் வைத்திருந்து, முத்திரை போட்டு அனுப்பினார்.

அந்த இரண்டு நாளில்தான் எல்லாம் நடந்தது. ஆனால் அது எனக்கு அப்போது தெரியாது.

* * *

இரண்டு வருஷம். நானும் துர்ஃபாவும் தனியாக நின்று பேசக் கூடாது. அவள் வேறு யாரையும் கட்டக் கூடாது, நானும் கூடாது. செக்கடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் யாராவது ஒரு கிழவர் காவல்.

"ஓய், அரைப் புருஷா. கடுதாசி எங்க வந்திருக்காம்?"

"எகிப்துல ஃபுஸ்தாத் தாண்டிடுச்சாம்."

"போறதா, வர்றதா?"

"அது தெரியலை."

விளையாட்டாக ஆரம்பித்தது காத்திருந்து காத்திருந்தே நிஜமாகிவிட்டது. அவளுக்கும் அப்படித்தான். என்னை வைகிற வசவில் அது தெரிந்தது.

வாரங்களின் பண்டிகை முடிந்த மறு சனிக்கிழமை, ஜெபம் முடிந்ததும் தய்யான் முத்திரையை உடைத்தார். பாக்தாத்காரர்கள் வளவளவென்று எழுதுகிறவர்கள் இல்லை. கேள்வியைத் திருப்பி எழுதாமல், முதலாவதற்கு இது, இரண்டாவதற்கு இது என்று பதிலை மட்டும் அடுக்கியிருந்தார்கள்.

"முதலாவதற்கு" என்று படித்தார் தய்யான். "பாட்டன் காலத்து வழக்கம் என்றால் தடையில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவருக்கும் அப்படியே. உப்பு நீரில் மூன்று முறை அலசவும். சிறகுகளை நீக்கவும். அருவருப்பவர் முன்னிலையில் வேண்டாம்."

கூட்டம் ஆஹா என்றது. கல்லூஃபின் பாட்டனும் பாட்டுக்காரர்தான். கட்டின தொண்டைக்கு உப்பு நீரைத் தவிர வேறு என்ன மருந்து? "சிறகு எது?" என்று ஒருவர் கேட்க, கல்லூஃபுடைய அங்கியின் தரை கூட்டும் அகலக் கையை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் தோளோடு கத்தரித்து எடுத்தாயிற்று.

"இரண்டாவதற்கு: விவரம் தெரிந்த மூன்று பேர் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கட்டும். இனிமையாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மரியாதையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்."

இரண்டாவது கேள்வி எண்ணெய்ச் சாடி.

எல்லோரும் சாடி இருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரு பெரியவர், "எண்ணெயைக் காதால கேக்கணும்னு நமக்குத் தோணலையே, பாத்தீங்களா! அதான் பாக்தாத்" என்றார்.

அடுத்தது நான்.

"மூன்றாவதற்கு: விழுந்தது உயிரோடு வெளியே வந்திருந்தால் குற்றமில்லை. செத்துப்போயிருந்தால் வாயில் வைக்கக் கூடாது. கொட்டிவிடுங்கள். அல்லது விளக்குக்கு வையுங்கள்."

பெண்கள் மாடத்திலிருந்து துர்ஃபாவின் குரல் வந்தது. "யாரை விளக்குக்கு வைக்கிறது? என்னையா?"

"பழத்தைக் கொண்டு வாம்மா" என்றார் தய்யான்.

அவள் பெட்டிக்குள் இரண்டு வருஷமாகப் பத்திரப்படுத்தியிருந்த பழம் வந்தது. காய்ந்து கல்லாகியிருந்தது. என் ஐந்து விரலும் இன்னும் நீலமாகத் தெரிந்தது. தய்யான் அதைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே விதைகள் கலகலவென்றன. மூக்கருகே வைத்தார். சாட்சிகளிடம் கொடுத்தார். அவர்கள் உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்த்தார்கள்.

"உயிர் இல்லை" என்றார் தய்யான் வருத்தத்தோடு. "நிச்சயம் கொட்டிப்போச்சு. பொண்ணுக்குத் தடை இல்லை. ஸக்கார், நீ யாருக்கு வேணும்னாலும் கட்டிக் குடுக்கலாம்."

"மஹ்தியாவிலேர்ந்து கல்ஃபூன் கேட்டுக்கிட்டே இருக்கார்" என்று ஸக்கார் உடனே எழுந்தார். "வர்ற புதன்கிழமையே வெச்சுக்கறேன்."

கல்ஃபூன் கப்பல் வைத்திருப்பவர். பல் மூன்று. வயது, பல் போனதிலிருந்து எண்ணுவதில்லையாம்.

நான் எழுந்து கத்துவதற்குள் தய்யான் அடுத்ததைப் படித்துவிட்டார்.

"நான்காவதற்கு: இதில் விளையாட்டுக்கு இடமே இல்லை. சாட்சிகள் பார்த்தார்கள், அவளும் மறுக்கவில்லை. அவள் அவனுக்கே உரியவள். வேறு எவனும் தொடக் கூடாது. பந்தல் போட்டு, ஏழு ஆசிகளும் ஓதி, ஏழு நாள் விருந்து வையுங்கள்."

"அது என்னுது!" என்று கத்தினேன். "அது எங்களுக்கு வந்த பதில்!"

"உக்காருப்பா. நாலாவது கேள்வி கிடா."

"ஐயா, கிடாவை யாராவது 'அவள்'னு எழுதுவாங்களா?"

"எழுதியிருக்காங்களே" என்றார் அவர். "பாக்தாத் எழுதினா அதுல ஆழம் இருக்கும். வரிசையை மாத்த நீயும் நானும் யாரு? மாத்த ஆரம்பிச்சா அவனவன் தனக்குப் பிடிச்ச பதிலை எடுத்துக்கிட்டுப் போயிடுவான். சந்தேகம்னா மறுபடி எழுதிக் கேக்கலாம்."

மறுபடி எழுதினால் இரண்டு வருஷம். கல்யாணம் புதன்கிழமை.

"ஐந்தாவதற்கு" என்றார் தய்யான். பிரசங்கி சஹ்லான் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொறுத்திருங்கள். கண்ணிலோ காதிலோ காலிலோ தானாக ஊனம் வரட்டும். யாரும் வேண்டுமென்று உண்டாக்கக் கூடாது. வந்த பிறகு அறுத்துச் சாப்பிடலாம்."

ஜெபக்கூடம் முழுக்க எட்டி அவர் காலைப் பார்த்தது. சஹ்லான் மெதுவாகத் தன் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

முடிந்தது என்று நினைத்தால், தய்யான் இன்னும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கடைசி வரியைப் பாதித் தொண்டையில் படித்தார்.

"ஆறாவதற்கு: இத்தனை வயதுக்கு மேல் இந்த ஆசை ஏன்? நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தவில்லையென்றால் சபை எழுந்து போகலாம், பாவமில்லை."

"கேள்வி அஞ்சுதானே ஐயா?" என்றேன்.

"அது... பொதுவான புத்திமதி" என்றார். தாளைச் சுருட்டி அங்கிக்குள் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

* * *

ஞாயிற்றுக்கிழமை மூன்று பெரியவர்கள் எண்ணெய்ச் சாடியைச் சுற்றி உட்கார்ந்து காதை வைத்தார்கள். ஒருவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர், லேசாக விம்முகிறது என்றார். மூன்றாமவர் காது மந்தம். ஆனாலும், ராகம் சரியில்லை என்றார். இனிமையில்லை என்று முடிவானது. எட்டுப் பேர் தோள் கொடுத்து, முன்னால் கல்லூஃப் கையில்லாத அங்கியோடு பாட, சாடியை அது பிறந்த வீடான ஸக்காரின் செக்குக்கே மரியாதையோடு கொண்டுபோய் விட்டார்கள். உப்பு நீர் பட்டதில் கல்லூஃபின் குரல் நிஜமாகவே கொஞ்சம் தெளிந்திருந்தது. "பாத்தியா? தப்பான பதில்னா குரல் எப்படித் திறக்கும்?" என்று எல்லோரும் என்னையே கேட்டார்கள்.

அன்றைக்கே ஜெபக்கூடத்து முற்றத்தில் பந்தல் எழுந்தது. அமீரை நடுவில் நிறுத்தி ஏழு ஆசிகளையும் ஓதினார்கள். அது இரண்டாவது ஆசியின்போது பந்தல் துணியின் ஓரத்தைச் சுவைத்துப் பார்த்தது. பிறகு விருந்து: வாதுமை, பேரீச்சை, தேனில் தோய்த்த பணியாரம். கிடா தின்ன, ஊர் சுற்றி நின்று கைதட்டியது.

சஹ்லான் வெளியே வந்தால் நான்கு தலையணைகளை உடம்பில் கட்டிக்கொண்டு வந்தார். படி இறங்க இரண்டு பேர். தும்மினால் கூடக் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சஹ்லான் ஐயா, கால் சுகமா?" என்று தெருவில் யார் கேட்டாலும், "நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு, ரெண்டும் இருக்கு!" என்று சுவரோடு ஒட்டிக்கொள்வார்.

திங்கட்கிழமை சந்தை மேற்பார்வையாளர் வந்தார். அரசாங்கத்து ஆள், கறாரானவர், முஸ்லிம்கள் கடை யூதர் கடை என்று பேதம் பார்க்காமல் தராசைப் பிடுங்கிப் பார்ப்பவர்.

"உங்க பிரசங்கியை அறுக்கப் போறதாக் கேள்விப்பட்டேன்."

"ஊனம் வந்தாத்தான் ஐயா" என்றார் ஒரு பெரியவர் பணிவாக.

"அது உங்க மத விஷயம், நான் தலையிடலை. ஆனா தெருவில அறுக்கக் கூடாது. கொட்டகைக்குக் கொண்டு போகணும். கழிவை வாய்க்கால்ல விடாதீங்க." சுற்றிப் பார்த்தார். "பந்தல் யாருக்கு?"

"கிடாவுக்குங்க. விருந்து நடக்குது."

"கிடாவுக்கு விருந்து, ஆளுக்குக் கத்தியா?" அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி. பந்தக்கால் நடைபாதையை மறைக்காம இருந்தாச் சரி."

அவர் போனதும் சஹ்லான் என் கையைப் பிடித்தார். தலையணைக்குள்ளிருந்து கெஞ்சினார்.

"பர்ஹூன், வரிசை தப்புன்னு நீதானப்பா சொன்னே. நிரூபிச்சிடுப்பா. உனக்குப் பொண்ணுதான் போகும். எனக்கு நானே போயிடுவேன்."

"ஆறு பதில் வந்திருக்குன்னா ஆறு கேள்வி போயிருக்கணும். யாரோ ஒருத்தர் ஒரு கேள்வியை ஒளிச்சு அனுப்பியிருக்காங்க. அதுக்குத்தான் முதல் பதில். மத்ததெல்லாம் ஒவ்வொரு படி இறங்கிடுச்சு. யாருன்னு தெரிஞ்சா முடிஞ்சது."

"யாரு?"

அதுதான் தெரியவில்லை. உப்பு. சிறகு. அருவருப்பு. இந்த மூன்றையும் வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே திங்கள் முழுக்க நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் காவல் கிழவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து செக்கடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டினேன். முற்றத்தில் துர்ஃபா ஒரு பெரிய தொட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள். ஆனால் கை நிற்கவில்லை.

"கல்யாணப் பொண்ணுக்கு என்ன வேலை?"

"விருந்து வேலை" என்றாள் நிமிராமல். "மூணு பல்லு மாப்பிள்ளைக்கு மொறுமொறுன்னு இருந்தாத்தான் பிடிக்குமாம். எப்படிக் கடிப்பாரோ. ரெண்டு வருஷம் காத்திருந்ததுக்கு இந்தக் கூடை மொத்தமும் நான்தான் அலசணுமாம். ஒரு அலசு, ரெண்டு அலசு, மூணு அலசு. அப்புறம் இந்த எழவெடுத்த சிறகை ஒவ்வொண்ணாப் பிய்க்கணும்."

தொட்டியில் உப்புத் தண்ணீர். தண்ணீரில் வெட்டுக்கிளி.

அவள் கை நின்றது. மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"உப்பு நீரில் மூன்று முறை" என்றேன்.

"சிறகுகளை நீக்கவும்" என்றாள்.

"வெட்டுக்கிளி!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தியதில் கிழவர் விழித்துக்கொண்டு என் தலையில் தடியால் ஒன்று போட்டார். நான் கவலைப்படவில்லை.

"ஆனா நம்ம ஊர்ல வெட்டுக்கிளி தின்னலாமான்னு எவன் பாக்தாத்துக்கு எழுதிக் கேப்பான்?" என்றாள் துர்ஃபா. "பால்குடி மறந்ததும் அதைத்தான் தின்னறோம். எங்க பாட்டன் தின்னாரு, உங்க பாட்டன் தின்னாரு."

"பாட்டன் தின்னாதவன் கேப்பான். ஊருக்குப் புதுசா வந்தவன் கேப்பான்."

அவள் கண் விரிந்தது. எங்கள் தெருவில் வெட்டுக்கிளியைப் பார்த்தால் மூக்கைப் பொத்துகிறவர் ஒரே ஒருவர்தான். கிழக்கே அதைத் தொடவே மாட்டார்கள். ஆனால் அவர் பன்னிரண்டு வருஷமாக, ஜெபக்கூடத்துக்கு எதிரிலேயே வீடு இருந்தும், தினமும் வெட்டுக்கிளி வறுக்கிற கடைத்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார். மூக்கைப் பொத்திக்கொண்டு. மெதுவாக.

"தட்டுல கொஞ்சம் வறுத்துக் குடு" என்றேன்.

* * *

தய்யான் அஸர்யா தன் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. நான் தட்டை அவர் முன்னால் வைத்து மூடியை எடுத்தேன். வாசனை எழுந்தது. மூக்கைப் பொத்தக் கை போனது, பாதி வழியில் நின்றுவிட்டது.

"எடுத்துக்கிட்டுப் போ" என்றார். "எனக்குப் பதில் வந்தாச்சு. 'இத்தனை வயதுக்கு மேல் இந்த ஆசை ஏன்? நிறுத்தச் சொல்லுங்கள்.' படிச்சேனே, கேக்கலையா?"

"ஐயா, அது சஹ்லானுக்கு வந்த பதில். பிரசங்கத்தை நிறுத்தச் சொல்லி. உங்களுக்கு வந்தது முதல் பதில்."

"நான் கடைசியிலதானே எழுதினேன்?"

"எங்க எழுதினீங்க?"

தாளில் இடமில்லையாம். எல்லோரும் செய்வதுபோல ஓரத்தில் சுற்றிக்கொண்டு மேலே போய், தலைப்புக்கும் மேலே, தாளைத் திருப்பிப் பிடித்துத் தலைகீழாக, யாரும் கவனிக்காத பொடி எழுத்தில் எழுதினாராம்: "இன்னொன்று, ஒருவர் கேட்கிறார், வெட்டுக்கிளி?"

"உங்களுக்கு அது கடைசி. பாக்தாத்ல தாளை வாங்கினவனுக்கு மேல இருக்கிறதுதானே முதல்?"

அவர் உதடு முதல் பதிலை முணுமுணுத்தது. பாட்டன் காலத்து வழக்கம் என்றால் தடையில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவருக்கும் அப்படியே. தாடிக்குள் கண்ணீர் இறங்கியது.

"தடையில்லையா?" என்றார் குழந்தை மாதிரி. "பன்னெண்டு வருஷம், பர்ஹூன். அந்தக் கடைக்காரன் நல்லெண்ணெய்ல இல்லை, ஆலிவ் எண்ணெய்ல வறுக்கறான். கடைசியில சீரகம் தூவறான். எனக்குத் தெரியும்."

"அப்போ நாளைக்குக் கல்யாணத்தை நிறுத்துங்க ஐயா."

அவர் முகம் மறுபடி சுண்ணாம்பானது. "எல்லார் முன்னாலயும் சொல்லணுமா? வெட்டுக்கிளி தின்ன ஆசைப்பட்டவன்னு? போன பண்டிகைக்குத்தானே நாக்கை அடக்கறதைப் பத்தி மூணு மணி நேரம் பேசினேன்."

நானே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவரை ஊர் நடுவில் அவமானப்படுத்தி முகம் வெளுக்க வைப்பது ரத்தம் சிந்துவதற்குச் சமம் என்று எங்களுக்குக் கற்றுத் தந்ததே இவர்தான். சொல்வதென்றால் அவர்தான் சொல்ல வேண்டும்.

"துர்ஃபா என் பெண்டாட்டி ஐயா" என்றேன். "நாளைக்கு அவளை இன்னொருத்தருக்கு நீங்க ஓதிக் குடுக்கப் போறீங்க. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

* * *

புதன்கிழமை. ஸக்கார் சிக்கனக்காரர், கிடாவுக்குப் போட்ட பந்தலையே மகளுக்கும் வைத்துக்கொண்டார். ஏழு நாள் விருந்து பாதியில் இருந்ததால் அமீரை வெளியேற்ற முடியவில்லை. ஆக, பந்தலுக்குக் கீழே மூன்று பேர்: கல்ஃபூன், முக்காடிட்ட துர்ஃபா, நடுவில் கிடா.

கல்ஃபூன் பாவம், நல்ல மனிதர். "இது பொண்ணோட வருதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தய்யான் வந்தார். கையில் திராட்சை ரசக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். சஹ்லான் தலையணைகளுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். நான் தய்யானைப் பார்த்தேன். தய்யான் கிண்ணத்தைப் பார்த்தார்.

ஆசிக்கு வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"கேள்வி ஆறு" என்றார்.

"என்னது?" என்றார் ஸக்கார்.

"கேள்வி அஞ்சு இல்லை, ஆறு. ஆறாவதை நான் எழுதினேன். அவங்க அதை முதலாவதா எடுத்துக்கிட்டாங்க." அங்கிக்குள்ளிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்தார். பிரித்தார். நான் விட்டு வந்த வெட்டுக்கிளி. ஒன்றைக்கூடத் தொடாமல் வைத்திருந்தார்.

அமீர் மூட்டைப் பக்கம் மூக்கை நீட்டியது.

"அருவருப்பவர் முன்னிலையில் வேண்டாம்னு பதில்ல இருக்கு" என்றார். "இங்க அருவருப்பவர் யாராவது உண்டா?"

யாரும் கை தூக்கவில்லை. கைரவானில் எவன் தூக்குவான்?

"ஊர்ல அருவருத்தவன் நான் ஒருத்தன்தான்" என்றார் தய்யான். "அவன் பாக்காம இருந்தாச் சரி."

கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மொறுக்கென்று சத்தம் கேட்டது. மென்றார். இன்னொன்று. பன்னிரண்டு வருஷத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தோம். கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்:

"எல்லாப் பதிலையும் ஒரு படி மேலே ஏத்துங்க."

ஏற்றினோம். மூன்று பேர் கேட்க வேண்டியது கல்லூஃபின் பாட்டை. எண்ணெய் விளக்குக்கு. ஊனம் வரப் பொறுத்திருக்க வேண்டியது கிடாவுக்காக. சஹ்லான் நான்கு தலையணைகளையும் ஆகாயத்தில் வீசிவிட்டு, நன்றி சொல்லப் பேச ஆரம்பித்தார், ஆறாவது பதில் நினைவுக்கு வந்து சபை எழுந்து நின்றது, உட்கார்ந்துவிட்டார்.

இதில் விளையாட்டுக்கு இடமே இல்லை. அவள் அவனுக்கே உரியவள்.

துர்ஃபா முக்காட்டைத் தூக்கினாள். "அப்போ ரெண்டு வருஷமா நான் இவன் பெண்டாட்டியா?"

"ரெண்டு வருஷம் மூணு மாசம்" என்றார் தய்யான் மென்றுகொண்டே.

"ஒரு வேளை சோறு போட்டானா பாருங்க!"

கல்ஃபூன் பந்தலைவிட்டு வெளியே வந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். "அந்த வெட்டுக்கிளி இன்னும் இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். விருந்துக்கு வறுத்த கூடையை அப்படியே அவர் பக்கம் தள்ளினோம். தய்யானும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஸக்கார் கடைசி முயற்சியாக, "அந்த மாதுளம்பழம் எங்க? சாட்சிப் பொருள் இல்லாம எப்படி?" என்றார்.

எல்லோரும் தேடினோம். பந்தக்காலடியில் துர்ஃபா வைத்திருந்த இடம் காலி. அமீர் எதையோ கடகடவென்று கடித்துக்கொண்டிருந்தது. அதன் உதட்டில் லேசாக நீலம்.

"சாட்சிப் பொருள் கிடா வயித்துல பத்திரமா இருக்கு" என்றார் தய்யான். "கிடாவை அறுக்க முடியாது. அதனால இந்தக் கல்யாணத்தை யாரும் எதுவும் பண்ண முடியாது."

ஏழு ஆசிகளையும் ஓதினார். வாயில் சீரக வாசனையோடு. என் நீலக்கை துர்ஃபாவின் கையைப் பிடித்தது. அவள் என் காதருகே, "பழம் இனிப்பா இருந்துச்சான்னு அதுக்கிட்டதான் கேக்கணும்" என்றாள்.

ஸக்கார் என் தோளைத் தட்டினார். முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது.

"ஏழு நாள் விருந்துல மூணு நாள் கிடா தின்னுட்டுது. உனக்கு மீதி நாலு நாள்தான்."

"சரி மாமா."

"யாருக்கு..." என்று ஆரம்பித்தார். ஊரைப் பார்த்தார், தய்யானைப் பார்த்தார், கிடாவைப் பார்த்தார். மிச்சத்தை விழுங்கிவிட்டு, கூடையிலிருந்து ஒரு வெட்டுக்கிளியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.